காட்டுக்கு ஒரு கையடக்க ஜிபிஎஸ்: முதலில் வரைபடம், பிறகு கருவி

2023 ஜூலை 13 அன்று தில்லிப் பழைய ரயில் பாலத்தில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன் பதிவான உச்சம் 1978-இல் வந்த 207.49 மீட்டர். மயூர் விஹாரை ஒட்டி, யமுனையின் வெள்ளப் படுகையான காதரில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு மேலேறி வந்து சாலையோரக் கூடாரங்களில் தங்கின. அந்தச் சாலையில் நின்று, செயற்கைக்கோள் தரும் எண்ணை அப்படியே காட்டும் ஒரு கைபேசிச் செயலியைத் திறந்தால், உயரம் ஏறக்குறைய 150 மீட்டர் என்று காட்டும். ஆற்று நீர் 208 மீட்டர், ஊர் 150 மீட்டர் என்றால் மயூர் விஹார் முழுவதும் ஐம்பது மீட்டர் ஆழத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. இரண்டு எண்களும் சரிதான். அவை அளக்கத் தொடங்கும் இடம்தான் வேறு.

ஜிபிஎஸ் தன் கணக்குக்கு வசதியாக, துருவங்களில் சற்றுத் தட்டையான ஒரு நீள்கோளத்தைப் பூமி என்று எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணித உருவத்தின் பெயர் டபிள்யூஜிஎஸ் 84. கருவி முதலில் கண்டுபிடிப்பது அதன் மேற்பரப்பிலிருந்து நாம் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறோம் என்பதை. ஆற்று மட்டத்தையும் மலைச் சிகரத்தையும் நாம் சொல்வதோ சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் கடல்மட்டம் அந்த நீள்கோளத்தோடு ஒட்டிப் போவதில்லை. உலகிலேயே அது மிகத் தாழ்ந்து கிடப்பது இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே பள்ளம் நூறு மீட்டருக்கு மேல். அந்தப் பள்ளத்தின் சரிவு இந்தியா முழுவதும் நீள்கிறது. தில்லியில் வித்தியாசம் 50 மீட்டருக்குச் சற்று அதிகம். கன்னியாகுமரியில் அலை காலை நனைக்கும் இடத்திலேயே, திருத்தாத எண் மைனஸ் 90-க்கும் கீழே போகும். நல்ல கைக்கருவிகள் இந்த வித்தியாசத்தை ஓர் அட்டவணையாக நினைவில் வைத்துக்கொண்டு, சரிசெய்த எண்ணைத்தான் திரையில் காட்டும். கைபேசிச் செயலிகளில் சில சரிசெய்யும், சில செய்யாது.

குளிர்காலம் தொடங்கியதும் எங்கள் மயூர் விஹார் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் சந்திக்கும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "மலைக்குப் போறோம், எந்த ஜிபிஎஸ் வாங்கலாம் சார்?" பறவை பார்க்கப் போகிறவர்களும் கேட்பார்கள், உத்தராகண்டில் மலையேறப் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றே. எந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு நடக்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கருவியின் திரையில் வரும் எண் எதிலிருந்து அளந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மாடல் பெயர் அதற்குப் பிறகு.

கையடக்கக் கருவிகளை யாருக்காகச் செய்தார்கள் என்பது அவற்றின் மெனுவைப் பார்த்தாலே தெரியும். கார்மின் நிறுவனத்தின் ஈடிரெக்ஸ் கருவிகளில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் என்றே ஒரு பக்கம் உண்டு. நிலவின் நிலையை வைத்து எந்த நேரம் தோதானது என்று அது சொல்லும். இடத்தைக் குறித்து வைக்கும் சின்னங்களில் காலடித் தடம், நீர்ப்பறவை, பெரிய விலங்கு, மரத்தின் மேல் அமரும் பரண் எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் இந்தச் சந்தையின் பெரும் பகுதி. அங்கே எந்த நிலம் அரசுடையது, எந்த வேலிக்குள் கால் வைத்தால் வழக்கு வரும் என்று காட்டும் வரைபடங்களைத் தனியாக விற்கிறார்கள். வேட்டைநாய்க்கு மாட்டும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டையும் விற்கிறார்கள்.

இந்தியாவில் அந்தப் பக்கத்துக்கு வேலை இல்லை. புலி வேட்டை 1970-இல் தடை செய்யப்பட்டது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் சில விலங்குகளுக்கு உரிமம் வாங்கிச் சுட வழி இருந்தது. 1991-இன் திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. அதற்கு முன் தில்லியைச் சுற்றிய வட்டாரம் எப்படி இருந்தது என்பதற்குப் பரத்பூர் சாட்சி. 1938 நவம்பரில் அங்கே வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைய கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குள் நடப்பவர்கள் நின்று படிக்கலாம். அதே கரைகளில் இன்று நிற்பவர்கள் கையில் இருப்பது தொலைநோக்கியும் குறிப்பேடும்தான். வழிகாட்டும் கருவி நம் நாட்டில் வேட்டைக்காரரிடமிருந்து காவலரிடமும் பார்வையாளரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே ஏமாற்றும் என்பதும் தெரியும். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் முப்பதையொட்டிய ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. நம் கருவி கேட்க மட்டும் செய்கிறது. எதையும் திருப்பி அனுப்புவதில்லை. மின்னலைப் பார்த்துவிட்டு இடி எத்தனை நொடியில் வந்தது என்று எண்ணி இடி விழுந்த தூரத்தைச் சொல்வோமே, அதே கணக்குத்தான். ஆனால் ஒளியின் வேகத்தில் அந்தப் பயணம் ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்குதான். கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. நம் கையில் இருப்பதில் சாதாரணக் குவார்ட்ஸ். அதனால்தான் மூன்று செயற்கைக்கோள்கள் போதாமல் நான்காவது தேவைப்படுகிறது: மூன்று நம் இடத்துக்கு, ஒன்று நம் கடிகாரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க. ஐன்ஸ்டைனின் கணக்கும் இதில் உண்டு. மேலே ஈர்ப்பு குறைவு, வேகம் அதிகம் என்ற இரண்டும் சேர்ந்து அந்தக் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தவறு சேர்ந்துவிடும்.

அந்தச் சமிக்ஞை நம்மை வந்தடையும்போது மிக மிகப் பலவீனமாக இருக்கும். அலைநீளம் ஏறக்குறைய 19 செ.மீ. தில்லியின் ஜனவரி மூடுபனி அதை ஒன்றும் செய்யாது. பனித்துளிகள் அந்த அலைக்கு முன் ஒரு பொருட்டே இல்லை. மயூர் விஹாரில் நீல வழித்தட மெட்ரோ ஏறி, பொட்டானிக்கல் கார்டனில் மெஜந்தாவுக்கு மாறினால் அடுத்த நிலையம் ஓக்லா பறவைகள் சரணாலயம். பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத காலையில் அந்தக் கரையில் நடந்தால், கருவி மட்டும் தெளிவாக வழி சொல்லும். தட்டைவாயன்களின் சத்தம் எங்கிருந்தோ வரும், கண்ணுக்கு எதுவும் தெரியாது, திரையில் மட்டும் நாம் வந்த பாதை ஒரு கோடாக நீண்டுகொண்டே இருக்கும்.

ஈரமான இலைகள் அப்படி விடாது. மழைக்காலத்துச் சால மரக் காட்டில் சமிக்ஞை இலைகளில் மங்கி, மரத்தண்டுகளிலும் பாறையிலும் பட்டுத் தெறித்து, வளைந்த வழியில் வந்து சேரும். வளைந்து வந்ததைக் கருவி நேராக வந்ததாக எண்ணித் தூரத்தைக் கூட்டிச் சொல்லும். குறுகிய மலைப் பள்ளத்தாக்கிலும் இதே சிக்கல். அங்கே வானத்தின் ஒரு கீற்றுதான் தெரியும், அதில் உள்ள செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே திசையில் கொத்தாக நிற்கும். கோணம் குறுகினால் பிழை பெருகும். இன்னொரு தொல்லை அயனி மண்டலம். காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி மின்னேறிய துகள்கள் அடர்த்தியாகச் சேர்கின்றன. வடபுறத்து அடர்த்தி நடு இந்தியாவுக்கு மேலே வருகிறது. பிற்பகலில் சமிக்ஞை அதற்குள் தாமதப்படும். ஒற்றை அலைவரிசைக் கருவிக்கு அந்தத் தாமதம் பல மீட்டர் பிழை. இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் கருவி, இரண்டும் எவ்வளவு வேறுபட்டுத் தாமதிக்கின்றன என்று பார்த்து அந்தப் பிழையைக் கழித்துவிடும். கடையில் "மல்ட்டி பேண்ட்" என்று எழுதியிருப்பதன் பொருள் இதுதான். கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த வசதிகளில் முதலாவது என்று இதைத்தான் சொல்வேன்.

திரையில் "துல்லியம் 3 மீ" என்று வந்தால் பலர் மூன்று மீட்டருக்குள் நிச்சயம் இருக்கிறோம் என்று நம்பிவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் அந்த எண்ணுக்கு அர்த்தம், நூற்றுக்கு 68 முறை அந்த வட்டத்துக்குள் இருப்பீர்கள் என்பது. மற்ற முறைகளில் வெளியே. வழுக்குப் பாறையின் விளிம்பில் நடக்கும்போது இந்த வித்தியாசம் பெரியது.

நாவிக் பற்றியும் கேட்கிறார்கள். இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் இந்தியாவுக்காகவே நிறுத்தப்பட்டவை. 2013 ஜூலை 1-இல் முதலாவது போனது. அவை நம் நாட்டுக்கு மேல் உயரமாகத் தெரிவதால், பள்ளத்தாக்கில் நிற்பவருக்கு மலைச்சுவர் மறைக்காத செயற்கைக்கோள்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மையான ஆதாயம். ஆனால் முதல் தலைமுறையில் பலவற்றின் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. உள்நாட்டு ரூபிடியம் கடிகாரத்தோடு 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 நன்றாக அமைந்தது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை. அதனால் நாவிக் இருந்தால் நல்லது, அதற்காக மட்டும் ஒரு கருவியை வாங்க வேண்டாம். ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ மூன்றையும் கேட்கும் கருவி இமயப் பள்ளத்தாக்குக்குப் போதும். செயற்கைக்கோள்களை மட்டுமே நம்பக் கூடாது என்பதற்குத் தில்லியே எடுத்துக்காட்டு: 2025 நவம்பரில் தில்லி விமான நிலையத்தை நெருங்கிய விமானங்களுக்குப் போலி ஜிபிஎஸ் சமிக்ஞைகள் கிடைத்ததாக அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இனி வரைபடம். இந்திய நில அளவைத் துறை 1767-இல் தொடங்கியது, தலைமையகம் டேராடூன். நாட்டை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் மாபெரும் வேலையை வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கினார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் இந்தியாவுக்குப் பொருந்தும்படி கணித்த நீள்கோளத்தை அடிப்படையாக வைத்துத்தான் அதன் பிறகு பல தலைமுறைகளுக்கு நம் நிலப்படத் தாள்கள் அச்சாயின. எவரெஸ்டின் பூமியும் ஜிபிஎஸ்ஸின் பூமியும் அளவிலும் மையத்திலும் வேறானவை. பழைய தாளில் உள்ள ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்றைய கருவியில் அப்படியே அடித்தால் தில்லிப் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். தமிழ்நாட்டில் அது இருநூறு மீட்டரை எட்டும். சமவெளியில் பரவாயில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருநூறு மீட்டர் என்றால் ஓடையின் அக்கரை.

2005-இன் தேசிய வரைபடக் கொள்கை இதைப் பெருமளவு தீர்த்துவிட்டது. பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று தாள்களை இரண்டாகப் பிரித்தார்கள். பொதுமக்களுக்கான திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-இலேயே இருக்கின்றன. கருவியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 தாள்களைப் பிடிஎஃப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தரையில் ஒரு கிலோமீட்டர் தாளில் இரண்டு சென்டிமீட்டர். தில்லிக்கான பழைய எண் 53 எச். இன்னும் பலர் கையில் அந்த எண்ணுள்ள தாள்கள் இருக்கின்றன. அப்படிப் பழைய தாளோடு போனால் கருவியின் அமைப்பில் அடிப்படையை மாற்ற வேண்டும். பல கார்மின் கருவிகளில் இந்தியா, நேபாளத்துக்கு உரியது "இந்தியன் பங்ளாதேஷ்" என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

தாளை எந்த ஆண்டு அளந்தார்கள் என்று ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள்; அதைப் படியுங்கள். 1970-களில் அளந்த தாளில் மயூர் விஹார் குடியிருப்பே இருக்காது. சில்லா கிராமமும் வயல்களும்தான். 2001-இல் திறந்த டிஎன்டி மேம்பாலமும் இருக்காது. யமுனையும் அந்தத் தாளில் ஓடும் இடத்தில் இன்று ஓடாது. மலையில் கட்டடங்கள் மாறினாலும் மலை மாறாது என்பதால் சமஉயரக் கோடுகளை நம்பலாம். நிலச்சரிவும் புதுச் சாலையும் வந்த இடங்களில் பாதைகளை நம்ப முடியாது. சமஉயரக் கோடுகளுக்கும் ஓர் எல்லை உண்டு. கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் இடைவெளி என்றால் 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று இரண்டுக்கும் நடுவே அடையாளமே இல்லாமல் மறைந்திருக்க முடியும். கோடுகள் நெருங்கி வரும் இடத்தைப் பார்த்தால் குறுக்கு வழி தேடாமல் சுற்றிப் போங்கள்.

கருவிகளிலும் செயலிகளிலும் நாம் பார்க்கும் மலைவடிவம் பெரும்பாலும் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினோரு நாள் ராடாரால் பூமியை அளந்த தரவுதான் அது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர்ந்த காட்டில் ராடார் தரைக்குப் போகாமல் மரத்தலைகளில் பட்டுத் திரும்பியிருக்கும். செங்குத்தான இமயச் சரிவுகளில் தரவே கிடைக்காத ஓட்டைகளை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். பாதைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வரும். அவை தன்னார்வலர்கள் வரைந்தவை; நடந்தவர் பதிவிட்ட பாதை மிக நன்றாக இருக்கும், யாரும் நடக்காத பள்ளத்தாக்கு வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைப் பார்த்து அங்கே பாதை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அதனால்தான் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போகச் சொல்கிறேன்: கருவியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், பையில் நில அளவைத் துறையின் தாள்.

ஆட்களுக்கிடையே இடத்தைச் சொல்லும்போது நேரும் குழப்பம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. மயூர் விஹார் முதல் கட்டத்தின் இருப்பிடம் 28 பாகை 36.3 கலை வடக்கு, 77 பாகை 17.4 கலை கிழக்கு. இதையே தசமப் பாகையில் எழுதினால் 28.605, 77.290. ஒருவர் தொலைபேசியில் "இருபத்தெட்டு, முப்பத்தாறு புள்ளி மூன்று" என்று சொல்ல, கேட்டவர் 28.363 என்றும், இரண்டாவதை 77.174 என்றும் அடித்துவிட்டால், கருவி அவரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தென்மேற்கே, அரவல்லிக் குன்றுகளில் மாங்கர் கிராமத்தருகே கொண்டுபோய் விடும். அதுவும் காடுதான் என்பதால் தவறு உடனே உறைக்காது. தேடிவரும் மீட்புக் குழுவுக்கு இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குழுவில் எல்லாருடைய கருவியையும் புறப்படும் முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மீட்டர் கட்டங்களில் எண் சொல்லும் யுடிஎம் முறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தில்லி 43-ஆம் மண்டலம், 78 பாகை கிழக்கைத் தாண்டியதும் 44 தொடங்கும். டேராடூனும் ரிஷிகேஷும் ராம்நகரும் 44-இல்.

காவலர்களின் பக்கத்துக்கு வருவோம். 2005 வாக்கில் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது தெரியவந்தது. கள்ள வேட்டை எல்லாவற்றையும் முடித்திருந்தது. காவல் ரோந்து நடந்ததாக ஏடுகளில் எழுதியிருந்தது. எழுதியதை எப்படிச் சரிபார்ப்பது என்ற கேள்விக்கு விடையாக, தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் 2010-இல் எம்-ஸ்ட்ரைப்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு ரோந்தும் ஜிபிஎஸ் தடமாகப் பதிவாகும். காலடித் தடம், எச்சம், கண்ணி, வெட்டுமரம் எதைக் கண்டாலும் இடத்தோடும் நேரத்தோடும் குறிக்க வேண்டும். முதுமலையிலும் ஆனைமலையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இருக்கும் பழங்குடி இளைஞர்கள் கருவியில்லாமலே காட்டை அறிந்தவர்கள். அவர்கள் அறிந்ததை அலுவலக வரைபடம் நம்பும்படி செய்தது இந்தச் சிறு பெட்டி. 2022 புலிக் கணக்கெடுப்பில் வனப் பணியாளர்கள் நடந்தே அளந்த தூரம் 6,41,449 கிலோமீட்டர். கள்ள வேட்டைக்கு எதிராக ஜிபிஎஸ் செய்த மிகப் பெரிய வேலை இது என்று நினைக்கிறேன்.

இதே தகவல் தவறான கைக்கும் போகலாம். 2013-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் கழுத்துப்பட்டை மாட்டிய ஒரு புலியின் இருப்பிடத் தரவு வரும் மின்னஞ்சல் கணக்குக்குள் நுழைய யாரோ முயன்றதாகச் செய்தி வந்தது. நாம் எடுக்கும் படங்களிலும் இருப்பிடம் ஒட்டிக்கொண்டே போகிறது. ஆந்தைக் கூட்டையோ நரிக் குழியையோ படமெடுத்துப் பொதுவில் போடும் முன் அந்தத் தகவலை நீக்கிவிடுங்கள். இதைத் தயவுசெய்து ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கருவிக்கு வரலாம். ஓக்லாவுக்கும் அசோலா பாட்டி சரணாலயத்துக்கும் பரத்பூருக்கும் தனிக் கருவி வேண்டியதே இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்த கைபேசி போதும். ஆஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் வலையிணைப்பு இல்லாமலே வேலை செய்யும். பலர் "சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வராது" என்று நினைக்கிறார்கள். வரும், வரைபடம்தான் வராது. முதல் இடங்காணல் மட்டும் தாமதமாகும். செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. நகரில் கைபேசி அதைக் கோபுரம் வழியாக நொடியில் வாங்கிக்கொள்ளும். மலையில் வானத்திலிருந்துதான் கேட்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் முழுமையாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும். வண்டி நிற்கும் கடைசி ஊரில், திறந்த வானத்தின் கீழ் கருவியைப் போட்டு வைத்துவிட்டுத் தேநீர் குடியுங்கள்.

பல நாள் இமய நடைக்குத் தனிக் கருவி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் காரணம் மின்கலம். குளிரில் கைபேசியின் லித்தியம் அயனி மின்கலம் திடீரென்று கைவிட்டுவிடும். நாற்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது அணைந்துபோகும். டபுள் ஏ மின்கலம் போடும் கருவியில் இரண்டை மாற்றிப் போட்டால் ஆயிற்று. மறுமின்னேற்றம் செய்ய முடியாத லித்தியம் டபுள் ஏ, சாதாரண ஆல்கலைனைவிடக் குளிர் தாங்கும். இரண்டாவது திரை. கையடக்கக் கருவிகளின் திரை வெயிலையே பயன்படுத்திக்கொள்ளும், பனிவெளியில் கண் கூசும் வெளிச்சத்திலும் படிக்க முடியும். மூன்றாவது பொத்தான், தொடுதிரை ஈரக் கையுறைக்கு அசையாது.

மாடல்களைப் பொறுத்தவரை, ஈடிரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு டபுள் ஏ-யில் ஏறக்குறைய 25 மணி நேரம் ஓடும், வரைபடம் ஏற்றலாம். ஈடிரெக்ஸ் எஸ்இ 168 மணி நேரம் ஓடும் என்கிறார்கள், ஆனால் அதன் திரையில் வரைபடம் வராது. தாளில் நன்றாக வழி பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும் அது உகந்தது. ஜிபிஎஸ்மேப் 65எஸ் டபுள் ஏ-யும் இரட்டை அலைவரிசையும் சேர்ந்தது. காடும் பள்ளத்தாக்கும் என்று சுற்றுகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்லும் வசதி அதில் உண்டு. அழுத்தம் வானிலையோடும் மாறும் என்பதால், உயரம் தெரிந்த ஓர் இடத்தில் தினமும் காலையில் அதைச் சரிசெய்ய வேண்டும். முந்தைய இரவு தங்கிய இடத்தின் உயரம் காலையில் கூடித் தெரிந்தால் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். வானிலை கெடப் போகிறது.

வாங்கும்போது ஓர் எழுத்தைக் கவனியுங்கள். ஜிபிஎஸ்மேப் 67 வேறு, பெயரின் கடைசியில் ஆங்கில "ஐ" எழுத்து ஒட்டிய 67 வேறு. "ஐ" உள்ளது இரிடியம் செயற்கைக்கோள் வழியே செய்தியும் அனுப்பும். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்கள் நல்லெண்ணத்தோடு அதை வாங்கி வருகிறார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இப்படிப்பட்ட கருவியோடு வந்த கனடா நாட்டுப் பயணி ஒருவர் பிடிபட்டார். இந்தத் தடையில் எனக்கு வருத்தம் உண்டு. 2024 ஜூனில் உத்தரகாசியின் சஹஸ்திர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கிய 22 பேர் குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள். கோபுரம் எட்டாத இடத்திலிருந்து உதவி கேட்க ஒரு சட்டபூர்வமான வழியை, பதிவு செய்த மலையேற்றக் குழுக்களுக்காவது அரசு திறந்துவிட வேண்டும். அது வரும்வரை சட்டத்தை மீறாதீர்கள்.

கோபுரம் இல்லாத பள்ளத்தாக்கிலிருந்து உங்கள் ஜிபிஎஸ் யாரையும் கூப்பிடாது. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு தாளில் பாதை, ஒவ்வோர் இரவும் தங்கும் இடம், அதன் அட்சரேகை தீர்க்கரேகை, எந்த வடிவத்தில் எழுதியிருக்கிறீர்கள், திரும்பி வரும் நாள் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நாள் கடந்தும் தகவல் இல்லையென்றால் வீட்டார் 112-ஐ அழைத்து அந்தத் தாளை அப்படியே படித்துச் சொல்ல வேண்டும்.